மலையில் ஆயில் எஞ்சின்: புகைக்குழாய் நெருக்கமும் பலக்குறைவும்

கொடைக்கானலிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர் தூரத்தில், குழந்தை வேலப்பர் கோயிலைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில், படிப்படியாகக் கட்டப்பட்ட நிலங்களைக் கொண்டது பூம்பாறைக் கிராமம். மலைப்பூண்டே இவ்வூரின் பிரதான வெள்ளாமை. உருளைக்கிழங்கு, காரட், பீன்ஸ் முதலியனவும் பயிராகின்றன. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்ததையும், இங்கு விளையும் பூண்டு வடுகபட்டிச் சந்தைக்கு இறங்குவதையும் இப்பத்திரிகையின் வாசகர்கள் நன்கு அறிவார்கள். ஆனால் இம்மாதிரி நிலங்களில் தண்ணீர் பள்ளத்தில் இருக்கிறது. பயிர் மேட்டில் இருக்கிறது. மின்சாரக் கம்பி எட்டாத ஓடைக்கரைகளில் தண்ணீரை மேலே ஏற்றுவதற்கு டீசல் எஞ்சினைத் தவிர வேறு கதி இல்லாதவர்கள் இன்றும் பலர்.

இவர்களிடமிருந்து அடிக்கடி கேட்கும் முறையீடு ஒன்று உண்டு. வத்தலக்குண்டிலோ பெரியகுளத்திலோ குறைவின்றி ஓடிய எஞ்சின், மலைக்கு வந்தபின் கறுப்புப் புகையைக் கக்குகிறது. டீசல் அதிகம் செலவாகிறது. கீழ்ப்படிகளுக்குப் பாயும் தண்ணீர் மேல்படிக்கு ஏறுவதில்லை. எண்ணெயில் கலப்படம் என்று சிலரும், பம்பு தேய்ந்துவிட்டது என்று சிலரும், எஞ்சினே ராசியில்லாதது என்று சிலரும் கருதுகின்றனர். இக்காரணங்கள் எப்போதும் பொய் என்று சொல்வதற்கில்லை. எனினும் எஞ்சினுக்குள் போகும் எண்ணெயையும் தண்ணீரையும் கவனிக்கிற அளவுக்கு, எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை எவ்வழியாகப் போகிறது என்பதை நம்மவர் கவனிப்பதில்லை. புகை தடையின்றி வெளியேறாவிட்டால் எஞ்சின் பலம் குன்றும். தாழ்நிலத்தில் பொறுத்துக்கொள்ளக் கூடிய தடையை மலைமேல் பொறுக்க இயலாது. இவ்விரண்டுக்கும் காரணம் இன்னதென்பதை ஈண்டு விளக்குவோம்.

முதலில் எஞ்சின் சுவாசிக்கும் விதத்தை அறிய வேண்டும். நமது வயல்களில் சாதாரணமாகக் காணப்படும் 5 குதிரைச் சக்தி எஞ்சின் ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அதன் ஸிலிண்டரின் குறுக்களவு 80 மில்லிமீட்டர்; பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம் 110 மில்லிமீட்டர்; வேகம் நிமிஷத்துக்கு 1,500 சுற்று. இது நான்கு வீச்சு எஞ்சின். அதாவது பிஸ்டன் ஒருமுறை இறங்கிக் காற்றை உள்ளே இழுக்கிறது. ஏறி அக்காற்றை நெருக்குகிறது. நெருக்கத்தால் உண்டாகும் உஷ்ணத்தில் டீசல் தெளிக்கப்பட்டு எரியவே, பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது. பிறகு மீண்டும் ஏறி, எரிந்த புகையை வெளியே தள்ளுகிறது. நான்கு வீச்சில் ஒன்றுதான் நமக்கு வேலை செய்வது. புகையை வெளியேற்றும் நான்காவது வீச்சுக்கு வேண்டிய பலமும் அந்த ஒன்றிலிருந்தே செலவாகிறது.

மேற்சொன்ன ஸிலிண்டரின் கொள்ளளவு 553 கன சென்டிமீட்டர். இரண்டு சுற்றுக்கு ஒரு மூச்சு வீதம் நிமிஷத்துக்கு 750 மூச்சு. ஆகவே நிமிஷம் ஒன்றுக்கு உள்ளே போகும் காற்று ஏறக்குறைய 350 முதல் 400 லிட்டர். முழுப் பாரத்தில் ஓடும்போது வெளிவரும் புகையின் உஷ்ணம் 400 டிகிரி சென்டிகிரேடு அளவுக்கு ஏறிவிடுமாதலால், அக்காற்று இருமடங்குக்கு மேல் விரிந்து, சுமார் 800 லிட்டர் புகையாக வெளிவரும். 200 லிட்டர் டீசல் பீப்பாய்கள் நான்கை நிமிஷந்தோறும் ஒரு சிறு குழாய் வழியே காலி செய்வதற்கு இது ஒப்பாகும். அதுவும் ஆற்றுநீர்போல ஒரே சீராக ஓடுவதில்லை. ஒற்றை ஸிலிண்டர் எஞ்சினில் வினாடிக்கு 12 அல்லது 13 வெடிப்புகளாகப் புகை பாய்கிறது. ஒவ்வொரு வெடிப்பின் கணத்திலும் குழாயில் பாயும் வேகம் சராசரியைப்போலப் பன்மடங்காகும். பல ஸிலிண்டர் உள்ள லாரி எஞ்சினைவிட, பம்பு எஞ்சின் ஒடுக்கமான குழாயால் அதிகம் பாதிக்கப்படுவது இதனாலேதான்.

இனி மலைக்கு வருவோம். பூம்பாறை கடல்மட்டத்துக்குச் சுமார் 1,900 மீட்டர், அதாவது ஆறாயிரம் அடிக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. கடலோரத்தில் காற்றின் அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசமென்றால், இவ்வுயரத்தில் ஏறக்குறைய 600 மில்லிமீட்டர்தான். எஞ்சின் ஒவ்வொரு மூச்சிலும் அதே கொள்ளளவுக் காற்றைத்தான் இழுக்கிறது. ஆனால் அக்காற்று ஐந்தில் ஒரு பங்கு இலேசானது. அதிலுள்ள பிராணவாயுவும் அவ்வளவுக்குக் குறைவு. பிராணவாயு எவ்வளவோ அவ்வளவு டீசல்தான் சுத்தமாக எரியும். கடல்மட்டத்துக்கு 150 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் நூற்றுக்கு மூன்றரை வீதம் பலம் குறையும் என்று எஞ்சின் சாஸ்திரிகள் வழக்கமாகக் கணக்கிடுவார்கள். இக்கணக்கின்படி பூம்பாறையில் நூற்றுக்கு 20 பங்கு போய்விடுகிறது. பெயர்த்தகட்டில் 5 குதிரைச் சக்தி என்று பொறித்திருப்பது தாழ்நிலத்துக் காற்றழுத்தத்தை ஆதாரமாகக் கொண்டது. இங்கே அது 4 குதிரைச் சக்தி எஞ்சின்தான். மலையின் குளிர்ச்சியால் காற்று சிறிது கனத்து, இந்நஷ்டத்தில் கொஞ்சம் ஈடாகும், முழுதும் ஈடாகாது.

தாழ்நிலத்தில் 4 குதிரைச் சக்தி வேண்டும் பம்பை 5 குதிரைச் சக்தி எஞ்சினில் பூட்டினால் ஒரு குதிரைச் சக்தி கையிருப்பாக நிற்கும். காற்றுவடிகட்டி சற்று அடைத்தாலும், புகைக்குழாய் சற்று நெருங்கினாலும், அக்கையிருப்பிலிருந்து எடுத்துக்கொண்டு எஞ்சின் ஓடிவிடும். சொந்தக்காரருக்குத் தெரியவே தெரியாது. அதே எஞ்சினையும் பம்பையும் பூம்பாறையில் கொண்டு வைத்தால் கையிருப்பு முழுதும் உயரத்துக்கே செலவாகிவிடுகிறது. அதற்குமேல் வரும் எந்தத் தடையும் நேரே வேலையில்தான் கை வைக்கும்.

புகைக்குழாயின் தடை எவ்விதம் கை வைக்கிறது? குழாய் நெருங்கினால், புகை வெளியேறும் வால்வின் வாயில் வெளிக்காற்றைவிட அதிக அழுத்தம் தேங்கி நிற்கும். இதனை எதிர் அழுத்தம் என்போம். நான்காவது வீச்சில் பிஸ்டன் இவ்வெதிர் அழுத்தத்தை எதிர்த்து ஏற வேண்டியிருக்கிறது. மேற்படி எஞ்சினில் எதிர் அழுத்தம் ஒரு மீட்டர் தண்ணீர் உயரமாக இருந்தால் சுமார் 70 வாட் பலம், அதாவது நூற்றுக்கு இரண்டு பங்கு, புகையைத் தள்ளுவதற்கே போகும். மூன்று மீட்டர் தண்ணீர் அளவுக்கு ஏறினால் 200 வாட்டுக்கு மேல், அதாவது கால் குதிரைச் சக்திக்கு மேல் போகும். நான்கில் கால் என்பது அற்பமன்று.

இரண்டாவதாக, முழுதும் வெளியேறாத புகை, ஸிலிண்டரின் தலையிலுள்ள இடைவெளியில் நெருங்கி நின்று, அடுத்த மூச்சில் விரிந்து, புதுக்காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். உஷ்ணமாகவும் இருப்பதால் வரும் காற்றையும் சூடாக்கி இலேசாக்கிவிடும். டீசல் எஞ்சினில் இவ்விடைவெளி மிகச் சிறியதாகையால் இந்நஷ்டம் பெட்ரோல் எஞ்சினில் போல் பெரிதாக இராது. ஆனாலும் பிராணவாயு ஏற்கனவே குறைவாயுள்ள இடத்தில், இருப்பதிலும் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு குறைவது உணரத்தக்கதே.

மூன்றாவதுதான் பெரிது. எஞ்சினின் வேகம் குறையத் தொடங்கியதும் கவர்னர் சும்மாயிராது. பலம் போதவில்லை என்று கண்டு அதிக டீசலைத் தெளிக்கும்படி பம்பை ஏவுகிறது. எரிப்பதற்குக் காற்று இல்லாதபோது கூடுதல் டீசல் வந்து என் செய்யும்? பாதி எரிந்து கரியாக வெளிவருகிறது. இதுவே நாம் காணும் கறுப்புப் புகை. இக்கரி குழாயின் உட்புறத்தில் படிந்து அதனை மேலும் நெருக்குகிறது. நெருக்கம் கரியை உண்டாக்க, கரி நெருக்கத்தை வளர்க்கிறது. கடனுக்கு வட்டியும் வட்டிக்கு வட்டியும் ஏறுவதுபோல, ஒரு பருவத்துக்குள் எஞ்சின் உட்கார்ந்துவிடும். புகையின் உஷ்ணம் மிகுந்து வால்வின் விளிம்பு தீய்ந்துபோவதும், மசகெண்ணெய் சீக்கிரம் கறுத்துக் கெடுவதும் இதன் பின்விளைவுகள்.

எதிர் அழுத்தத்தின் வலிமையை அறிய விரும்புவோர் வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைப்பாதையில் இறங்கிவரும் லாரிகளைக் கவனிக்கலாம். பல லாரிகளிலும் பஸ்களிலும் எக்ஸாஸ்ட் பிரேக் என்றொரு கருவி இருக்கிறது. சாரதி அதனை இயக்கியதும் புகைக்குழாயின் குறுக்கே ஒரு தகடு மூடிக்கொள்ளும், டீசலும் நின்றுவிடும். பிஸ்டன்கள் வெளியேற வழியில்லாத காற்றை எதிர்த்து ஏற வேண்டியிருப்பதால், பல டன் பாரமுள்ள வண்டி சரிவில் உருண்டோடாமல் அடங்கி இறங்குகிறது. புகைக்குழாயை அடைப்பது வண்டியை நிறுத்தும் உபாயமென்று லாரிக்காரர் அறிந்து வைத்திருக்கிறார். நமது விவசாயியோ அதே பிரேக்கை அரைகுறையாகப் போட்டுவிட்டுத் தண்ணீர் இறைக்கப் பார்க்கிறார்.

குழாயின் அளவைப்பற்றி ஒரு கணக்கை மனத்தில் வைத்தல் நலம். ஒரே அளவு புகை பாயும்போது, குழாயின் தடை அதன் குறுக்களவின் ஐந்தாம் மடிக்கு நேர்மாறாக மாறும். இதனை எளிதாகச் சொல்வதானால், இரண்டங்குலக் குழாய்க்குப் பதில் ஒன்றரை அங்குலக் குழாய் போட்டால் தடை நான்கு மடங்குக்கு மேலாகும்; ஓரங்குலக் குழாய் போட்டால் 32 மடங்காகும். குழாயின் நீளம் இரட்டித்தால் தடை இரட்டிக்கத்தான் செய்யும். அகலம் பாதியானாலோ 32 மடங்கு. ஆகையால் நீளத்துக்கு அஞ்ச வேண்டியதைவிட ஒடுக்கத்துக்கே அஞ்ச வேண்டும். மேலும் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் குறுகிய எல்போ ஒன்று, அக்குழாயின் குறுக்களவைப்போல முப்பது மடங்கு நீளமுள்ள நேர்க்குழாயின் தடையைத் தரும். ஒன்றரை அங்குலக் குழாயில் எல்போ ஒன்றுக்கு ஏறக்குறைய மூன்றே முக்கால் அடி. மூன்று எல்போ போட்டால் பதினோரு அடிக் குழாயை வீணே சேர்த்ததற்குச் சமம்.

இவ்வளவு சொன்னதனால், சுத்தமான குழாய் சற்றுச் சிறியதாயிருந்தாலே எஞ்சின் கெட்டுவிடும் என்று எண்ண வேண்டாம். சுத்தமாயுள்ள வரை, ஓரளவு தகுந்த குழாய் தரும் நஷ்டம் சிறிதே. கெடுப்பது கரியும் துருவும். இவை ஒன்றரை அங்குலக் குழாயை முக்கால் அங்குலமாக்கிவிட்டால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அதே குழாய். எஞ்சினுக்கோ 32 மடங்கு தடை.

பூம்பாறையில் இவ்வடைப்பு தாழ்நிலத்தைவிட விரைவில் உண்டாவதற்குக் காரணங்கள் உண்டு. டீசலில் ஹைட்ரஜன் இருப்பதால், ஒரு லிட்டர் டீசல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது என்பதைக் கேட்டால் பலர் வியப்படைவர். குழாய் சூடாயிருக்கும் வரை அவ்வாவி வெளியே போய்விடும். பனிக்காலத்து விடியலில், குளிர்ந்த இரும்புக் குழாயில் அது நீராகப் படியும். எஞ்சினைப் பத்து நிமிஷம் ஓட்டி நிறுத்துவோரின் சைலன்ஸரில் இந்நீர் தேங்கித் துருவேற்றி, உள்ளேயுள்ள தடுப்புத் தகடுகளை அரித்து வீழ்த்திவிடும். விழுந்த தகடு வாயை மறைத்துக்கொண்டால் வெளியில் ஒன்றும் தெரியாது. இன்னும், பாரமில்லாமல் நெடுநேரம் ஓடும் எஞ்சின் உள்ளே நன்கு சூடேறாததால் எரியாத எண்ணெய் கரியோடு கலந்து பிசின்போல ஒட்டிக்கொள்ளும். மழைமாதங்களில் எஞ்சின் சும்மா கிடக்கும்போது குளவிகள் குழாய்வாயில் மண்கூடு கட்டுவதும் உண்டு. மழைநீர் இறங்காமலிருக்கக் குழாயின் தலையில் பால்பவுடர் டப்பாவைக் கவிழ்த்து, அதனை எடுக்க மறந்து ஓட்டுவதும் உண்டு. இரைச்சலை அடக்கக் குழாயின் முனையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமிழ்த்தும் யுக்தியை ஒருவர் சொல்ல ஒருவர் கேட்டுச் செய்கிறார்கள். முனை எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறதோ அவ்வளவு தண்ணீர் உயரமும் எதிர் அழுத்தமாக எஞ்சினைச் சேரும். எஞ்சின் நிற்கும் தறுவாயில் தண்ணீர் குழாய் வழியே ஸிலிண்டருக்குள் ஏறிவிட்டால் எஞ்சினே சேதமாகும்.

இவ்வூரில் ஓர் ஓடைக்கரை எஞ்சினில் செய்துகாட்டியதை இங்கு குறிப்பிடுவது பொருந்தும். எஞ்சினின் புகைவாய் ஒன்றரை அங்குலம். கருங்கல் கொட்டகையின் சுவரைத் துளைத்துப் புகையை வெளியே விடுவதற்காக, கையிலிருந்த ஓரங்குலத் தண்ணீர்க் குழாயை மூன்று எல்போக்களோடு மாட்டியிருந்தார்கள். கழற்றிப் பார்த்தபோது உட்புறம் முழுதும் எண்ணெய்க்கரி உறைந்து, சுண்டுவிரல் நுழையவும் இடமில்லை. சொந்தக்காரர் அதற்கு முந்திய மாதந்தான் புதிய நாஸில் வாங்கிப் போட்டிருந்தார். பம்பின் உட்சக்கரத்தையும் மாற்றியிருந்தார். ஊர் மெக்கானிக் டீசல் பம்பின் எல்லைத் திருகைத் திறந்து எண்ணெயைக் கூட்டிவிட்டும் போயிருந்தார். இவ்வளவுக்கும் பிறகு புகைதான் அதிகரித்தது. இரண்டங்குலக் குழாய் ஒன்றை, ஒரே ஒரு நீண்ட வளைவோடு மாட்டி, எல்லைத் திருகைப் பழைய இடத்தில் வைத்துப் பூட்டிய பின்னர், எஞ்சின் தன் வேகத்தைப் பிடித்தது. அதுவரை காய்ந்து கிடந்த மேல்படிப் பாத்திக்குத் தண்ணீர் ஏறிற்று.

மேல்படிக்குத் தண்ணீர் ஏறாமல் நிற்பதன் காரணத்தையும் சொல்ல வேண்டும். ஸென்ட்ரிபியூகல் பம்பு தரும் தண்ணீரின் அளவு வேகத்துக்கு நேராகவும், அது தள்ளக்கூடிய உயரம் வேகத்தின் இருமடிக்கு நேராகவும் மாறும். 1,500 சுற்றில் மிஞ்சியபட்சம் 30 மீட்டர் உயரம் தள்ளக்கூடிய பம்பு, எஞ்சின் பலமிழந்து 1,350 சுற்றுக்கு இறங்கினால் 24 மீட்டருக்குச் சற்று அதிகமாகத்தான் தள்ளும். மேல்படி 25 மீட்டர் உயரத்தில் இருந்தால், வேகம் நூற்றுக்குப் பத்துக் குறைந்ததற்குத் தண்ணீர் நூற்றுக்குப் பத்துக் குறையும் என்று எதிர்பார்ப்பது வீண். அங்கே ஒரு சொட்டும் வராது. தாழ்நிலத்துச் சமவெளியில் இதே குறைவு மடை சற்று மெலிந்து ஓடுவதோடு முடிந்துவிடும். படிநிலத்தில் அது ஒரு படியின் வெள்ளாமையையே எடுத்துக்கொள்கிறது. பூண்டு காய் பிடிக்கும் சமயத்தில் இரண்டு தண்ணீர் தவறினால் என்ன நேரும் என்று இவ்வூர்க்காரருக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. (பம்பின் உறிஞ்சுபக்கமும் உயரத்தால் பாதிக்கப்படுகிறது. கடல்மட்டத்தில் பத்து மீட்டருக்குச் சற்று அதிகமாகத் தண்ணீரைத் தாங்கும் காற்றழுத்தம் இங்கே எட்டு மீட்டர்தான் தாங்கும். ஆகவே பம்பை ஓடைக்கு எவ்வளவு அருகில் இறக்கி வைக்கலாமோ அவ்வளவு நல்லது.)

குற்றம் புகைக்குழாயில்தானா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. முதலில் புகையின் நிறத்தைப் பார்க்க வேண்டும். நீலப்புகை மசகெண்ணெய் எரிவதைக் காட்டும். வெண்புகை எரியாத டீசலையோ நீராவியையோ காட்டும். கறுப்புப் புகைதான் காற்றுப் பஞ்சத்தின் அடையாளம். அப்பஞ்சம் உள்ளே வரும் வழியிலும் இருக்கலாமாதலால், காற்றுவடிகட்டியை முதலில் சுத்தம் செய்ய வேண்டும். அப்படியும் தீராவிட்டால், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சைலன்ஸரையும் குழாயையும் கழற்றிவிட்டு, கொட்டகைக் கதவுகளைத் திறந்து வைத்து, வழக்கமான பாரத்தோடு சில நிமிஷம் ஓட்டிப் பார்க்க வேண்டும். வேகம் ஏறிப் புகை வெளுத்தால் குற்றவாளி அகப்பட்டான். மாறுதல் இல்லையென்றால் நாஸில், டீசல் தெளிக்கும் நேரம், பம்பின் பாரம் ஆகியவற்றை ஆராய வேண்டும். இச்சோதனையின்போது காதில் பஞ்சு வைத்துக்கொள்ளவும். பக்கத்தில் காய்ந்த புல் இல்லாமல் பார்த்துக்கொள்ளவும். கரித்துண்டு நெருப்பாக வந்து விழும்.

அளந்தே அறிய விரும்புவோர், எஞ்சினின் புகைவாய்க்கு அருகே குழாயில் சிறு துவாரமிட்டு, ஓரடி நீளச் செப்புக்குழாயைப் பற்றவைத்து, அதன் முனையில் நான்கு மீட்டர் நீளமுள்ள கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயை மாட்டி, அதனை இரு கால்களும் நிமிர்ந்து நிற்கும்படி வளைத்துக் கட்டிப் பாதியளவு தண்ணீர் ஊற்ற வேண்டும். எஞ்சின் முழுப் பாரத்தில் ஓடும்போது இரு கால்களிலும் நிற்கும் நீர்மட்டத்தின் வித்தியாசமே எதிர் அழுத்தம். நீர் துள்ளினால் பிளாஸ்டிக் குழாயைச் சற்று நெரித்துப் பிடித்தால் அடங்கும். எஞ்சினோடு கொடுக்கப்பட்ட புத்தகத்தில் எல்லை குறித்திருந்தால் அதையே கொள்ள வேண்டும். குறித்திராவிட்டால் ஒரு மீட்டருக்கு மேற்பட்ட வித்தியாசத்தைத் தவறென்று கொள்ளலாம். நல்ல அமைப்பில் அதில் பாதிகூட இராது. தண்ணீர் குழாயைவிட்டு வெளியே எறியப்பட்டால், மேற்கொண்டு அளக்க அவசியமில்லை.

இங்கே இரண்டு தப்பெண்ணங்களைப்பற்றிச் சொல்லிவிடுகிறேன். எஞ்சினுக்குக் கொஞ்சம் எதிர் அழுத்தம் இருந்தால்தான் இழுவை உண்டு என்று சிலர் சொல்லுகிறார்கள். நமது பம்பு எஞ்சினுக்கு எதிர் அழுத்தத்தால் எவ்வித நன்மையும் இல்லை; குறையக் குறைய நல்லது. இதற்கு நேர்மாறாக, சைலன்ஸரை அடியோடு எடுத்தெறிந்துவிட்டால் எஞ்சின் புலிபோலப் பாயும் என்பது மற்றொரு கூட்டத்தாரின் எண்ணம். பாய்வது சத்தந்தான். அளவிற்கேற்ற சுத்தமான சைலன்ஸர் கொள்ளும் பலம் நூற்றுக்கு ஒன்றிரண்டே. அந்த ஒன்றிரண்டுக்காக நெருப்புப்பொறியைக் காட்டோரத்தில் சிதறவிடுவதும், அக்கம்பக்கத்தாரின் காதைச் செவிடாக்குவதும் தகாது. இரைச்சல் பெரிதாயிருப்பது பலத்துக்கு அத்தாட்சியல்ல.

குழாய் அமைப்பில் கவனிக்க வேண்டுபவை அதிகமில்லை. எஞ்சினின் புகைவாயைவிடக் குழாய் ஒருபோதும் சிறுக்கலாகாது. பத்தடிக்கு மேல் நீள வேண்டியிருந்தால் ஓர் அளவு பெரிய குழாயாகப் போடுவது சிலாக்கியம். எல்போக்களுக்குப் பதில் நீண்ட வளைவு போட வேண்டும். எஞ்சினின் இடத்தையோ சுவர்த் துவாரத்தையோ சற்று மாற்றினால் வளைவே வேண்டியிராது. குழாயின் பாரத்தை எஞ்சினின் மேல் சுமத்தாமல் கூரையிலிருந்தோ சுவரிலிருந்தோ தாங்கவிட வேண்டும். தாழ்ந்த இடத்தில் நீர் வடிவதற்குச் சிறு துவாரமோ திருகடைப்போ இருக்க வேண்டும். மழைக்கு டப்பா கவிழ்ப்பதைவிட, புகையின் வேகத்தால் தானே திறந்து எஞ்சின் நின்றதும் தானே மூடிக்கொள்ளும் கீல்மூடி மலிவானது. மறதியாலும் கெடுதல் விளையாது. பருவத்துக்கொருமுறை குழாயையும் சைலன்ஸரையும் கழற்றித் தட்டிக் கரியை உதிர்க்க வேண்டும். சைலன்ஸரைக் குலுக்கினால் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்குமாயின் தகடு விழுந்துவிட்டதென்று அறிந்து மாற்றிவிட வேண்டும்.

இவற்றைவிட முக்கியமானது ஒன்று. புதிதாக எஞ்சின் வாங்குவோர் தாழ்நிலத்துக் கணக்கில் வாங்கலாகாது. பம்புக்கு 4 குதிரைச் சக்தி வேண்டுமென்றால், பெயர்த்தகட்டில் 6 குதிரைச் சக்திக்குக் குறையாத எஞ்சினே பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் முதலிய இடங்களுக்கு ஏற்றது. ஏற்கனவே 5 குதிரைச் சக்தி எஞ்சின் வைத்திருப்பவர்கள் அதன் டீசல் எல்லையைத் திறப்பதற்குப் பதிலாகப் பம்பின் பாரத்தைக் குறைக்க வேண்டும். காற்று ஏறாத இடத்தில் எண்ணெயை ஏற்றுவது கரிவாங்குவதற்குக் காசு கொடுப்பதே.

புதிய வாகனங்களைப்பற்றிச் சில வார்த்தைகள். 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியிலிருந்து விற்கப்படும் பாரத் ஸ்டேஜ் ஆறு டீசல் லாரிகளிலும் ஜீப்புகளிலும், 2023-ஆம் ஆண்டு ஜனவரி முதல் 50 குதிரைச் சக்திக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு அமலுக்கு வந்த விதிகளை அனுசரித்துச் செய்யப்பட்ட பல டிராக்டர்களிலும், புகைக்குழாயிலேயே கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. இது அறிந்தே வைக்கப்பட்ட தடை; எஞ்சினும் அதற்கேற்பவே அமைக்கப்பட்டிருக்கிறது. வடிகட்டியில் கரி சேர்ந்ததும், எஞ்சின் தன் புகையைச் சூடாக்கி அக்கரியைத் தானே எரித்துவிடும். இதற்குச் சற்று நேரம் பாரத்தோடு ஓட வேண்டும். தோட்டத்துக்கும் வீட்டுக்குமாக இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடி நிறுத்தப்படும் வண்டியில் எரிப்பு முடிவதற்குள் சாவியைத் திருப்பிவிடுவதால், வடிகட்டி அடைத்துப் பலம் குறைந்துவிடுகிறது. எச்சரிக்கை விளக்கு எரியும்போது வண்டியை நிறுத்தாமல், புத்தகத்தில் சொல்லியபடி எரிப்பு முடியும்வரை ஓட்டுவதே பரிகாரம். வடிகட்டியை அறுத்தெடுத்து வெறுங்குழாய் வைத்துத் தருகிறேன் என்று சொல்வோரை நம்பலாகாது. அது சட்டவிரோதம், வண்டியின் மின்னணுக் கருவிகளையும் நிலைதடுமாறச் செய்யும்.

கடைசியாக, இது பலத்தைப்பற்றியதன்று, உயிரைப்பற்றியது. குளிருக்காகக் கதவையும் ஜன்னலையும் அடைத்த கருங்கல் கொட்டகைகளில் எஞ்சின் ஓட்டுவது மலையில் சகஜம். வெளியே போக வழியில்லாத புகை, குழாயின் மூட்டுகளிலும் வாஷரிலும் கசிந்து கொட்டகைக்குள்ளேயே நிறையும். காற்றுப் பஞ்சத்தில் எரியும் எஞ்சினின் புகையில் கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயு அதிகம். இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம், வாந்தி வருவது இதன் முதல் அறிகுறிகள். குளிரினால் என்றெண்ணி மறுபடியும் உள்ளே போய்ப் படுத்தவர் எழுந்திருப்பது சந்தேகமே. எஞ்சின் ஓடும் கொட்டகையில் எவரும் படுத்துறங்கலாகாது. அங்கு மயங்கிக் கிடப்பவரைக் கண்டால், கதவுகளைத் திறந்து, உடனே அவரை வெளிக்காற்றுக்குத் தூக்கிவந்துவிட்டு, 108 ஆம்புலன்ஸுக்குச் சொல்லியனுப்ப வேண்டும். பஞ்சாயத்துப் பொது எஞ்சின்களும் ஜெனரேட்டர்களும் உள்ள கொட்டகைகளில், கூரைக்கடியில் எதிரெதிரே இரண்டு திறப்புகள் இருக்கின்றனவா, குழாயின் மூட்டுகளில் கரிக்கோடு தெரிகிறதா என்பதைக் கிராம அதிகாரிகள் ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை நேரில் பார்வையிட்டு, கரிக்கோடு தெரியும் மூட்டுகளைப் பிரித்துப் புது வாஷர் போடச் செய்ய வேண்டும்.